பிரிஜெட்டின் வலது தோள்

ஊசி என்றால் தனக்குப் பயம் என்பதை பிரிஜெட் அறுபது வயதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? கன்னியாஸ்திரீகளிடம் நோயாளிப் பராமரிப்புப் படித்து, ஆஸ்பத்திரி வார்டுகளில் பாதி ஆயுளைக் கழித்து, அப்புறம் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள். எத்தனையோ பேருக்கு ஊசி இறக்கிய கை அவளுடையது. ஒவ்வொரு தடவையும் அவள் வாயில் வந்தது ஒரே பேச்சுதான்: "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அந்தக் கைதான் இப்போது மேலே ஏறவில்லை.

முதலில் தலை சீவும்போது தோள் இழுத்தது. சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மேல் தட்டிலிருந்த உப்பு டப்பா எட்டவில்லை. அதை இறக்கிக் கீழ்த் தட்டில் வைத்தாள். பின்பக்கம் கை போகாததால் ரவிக்கைக் கொக்கிகளை முன்பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னாள். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. அண்ணன் லாயிட்டைத் தூக்குவதைத்தான் இடது கைக்கு மாற்ற முடியவில்லை.

லாயிட் எலெக்ட்ரீஷியன். கோவில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்ட ஏணியில் ஏறியவன் கீழே விழுந்ததில் முதுகெலும்பு உடைந்தது. அன்று முதல் இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சியே இல்லை. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். பிரிஜெட் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஜீவனஹள்ளியில் அவர்கள் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, மதியம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, நடு நடுவே புரட்டிப் படுக்க வைக்க என்று எல்லாவற்றுக்கும் பிரிஜெட்டின் தோள்தான்.

பொங்கல் லீவில் ஒருநாள் அது கைவிட்டது. பாதி தூக்கிய நிலையில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து லாயிட்டின் மகள் சிந்தியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூடவே அவள் புருஷன் ஹரிஷ்.

"என்ன ஆச்சு அத்தை?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்தோம்."

ஹரிஷ் தூக்கிவிட வந்தான். "நீங்க தள்ளிக்கோங்க மாப்பிள்ளை, இதெல்லாம் பழகாதவங்க செய்யக்கூடாது" என்று பிரிஜெட் அவனை விலக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தானே தூக்கினாள்.

சிந்தியா எதையும் மறைத்துப் பேசுகிறவள் அல்ல. "ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். குருத்து ஞாயிறு அன்னிக்கு வருவேன். என் கண் முன்னாடி நீங்க டேடியத் தூக்கி சேர்ல உக்கார வெக்கணும். முடியலன்னா ஊருக்கு வெளிய, அத்திபெலே தாண்டி ஒரு ஹோம் இருக்கு, அங்க சேத்துடுவேன். அவரையும் போட்டு ஒடச்சி, உங்களையும் ஒடச்சி, நான் ரெண்டு பேரையும் பாக்க முடியாது."

"ஹோம்ல கேரம் போர்டு இருக்குமாடி?" என்று லாயிட் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவன் எந்த ஜோக்கும் அடிக்கவில்லை. பிரிஜெட்டுக்கு அதுதான் பயமாக இருந்தது.

எலும்பு டாக்டர் தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார், மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொன்னார். கை காது உயரம்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமம்மா, "அல்சூர்ல ஊசி குத்துற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, என் முட்டிய அவங்கதான் சரி பண்ணாங்க" என்றாள். குத்துற என்ற வார்த்தையைக் கேட்டதும் பிரிஜெட் பேச்சை மாற்றினாள். ஆனால் ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. போனாள்.

ஏரிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த அக்குபங்சர் கிளினிக். மேஜை மேல் சின்ன புத்தர் சிலை. அறையைப் பூப்போட்ட திரைகளால் தடுத்திருந்தார்கள். டாக்டர் சங்கமித்ராவுக்கு நாற்பது சொச்சம் வயதிருக்கும். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நிற்காமல் பேசினாலும் கை மட்டும் நிதானமாக வேலை செய்தது.

"சாப்பிட்டீங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"ஆச்சு."

"அப்ப படுத்துக்கோங்கம்மா."

"உக்காந்தே இருக்கேன்." நோயாளிகளைப் படுக்க வைத்தே பழகியவளுக்கு, தான் படுப்பது ஒப்பவில்லை.

"சரி. ஆனா தலை சுத்தினா உடனே சொல்லணும். ஊசி உள்ள போனதும் ஏதாவது தெரியும். கனமா இருக்கலாம், இழுக்கலாம், மரத்துப்போகலாம், வெதுவெதுன்னு ஓடலாம். அது நல்லது. சுருக்குன்னு எரிஞ்சாலோ கரண்ட் அடிச்சாலோ அது நல்லதில்ல, மாத்தணும். என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க, போதும்."

முடியைப் போல மெல்லிய ஊசி. தோள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் ஓரமாக ஒன்று. தோலைத் தாண்டும்போது உண்மையிலேயே எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷம் சொன்னது பொய் இல்லை என்று பிரிஜெட்டுக்குக் கொஞ்சம் நிம்மதி. அடுத்த நொடி டாக்டர் ஊசியை விரலால் லேசாகத் திருகினாள். எலும்புக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய மாதிரி ஒரு வலி எழுந்து, முழங்கை வரை மெதுவாக இறங்கியது.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல."

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது ஊசி. இப்போது எரிந்தது. சிகரெட் நெருப்பு பட்டது போல ஒரே புள்ளியில்.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

டாக்டர் புருவத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் அலறியது. "டாக்டர்! டொய்ங்னு இடுப்புல இருந்து கட்டைவிரல் வரைக்கும் போச்சு டாக்டர்! மெட்ரோ ட்ரெயின் மாதிரி!"

"எங்க நின்னுச்சு அசோகன்?"

"டெர்மினஸ்லதான்!"

அசோகன் ஆட்டோ ஓட்டுகிறவன். இடுப்பு பிடித்துக்கொண்டு வருகிறவன். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வர்ணனை கொடுத்தான். ஆம்பளைக்கு என்ன இப்படி ஒரு கூச்சல் என்று பிரிஜெட் நினைத்துக்கொண்டாள். சில வாரங்களில் அசோகன் நிமிர்ந்து நடந்தான். பிரிஜெட்டின் கை நின்ற இடத்திலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் லாயிட் விடமாட்டான். "சொல்லு பிரிஜ்ஜி, எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? ஊசி மாதிரி இருந்துச்சு."

"கால்ல ஒண்ணு குத்துறாங்கன்னு சொன்னியே, அது எப்படி இருந்துச்சு? கூசுச்சா? இழுத்துச்சா? எனக்குத்தான் ஒரு எழவும் தெரிய மாட்டேங்குது. நீயாவது சொல்லக்கூடாதா?"

"ஒண்ணுமில்ல அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் கஞ்சி கலக்கப் போய்விடுவாள். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

தவக்காலத்தில் பிரிஜெட் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருசந்தி இருப்பாள். விடிந்ததிலிருந்து ஒரு கடுங்காப்பி, இரவில் ஒரே ஒரு வேளைச் சோறு. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். தன்னை இரண்டிலும் சேர்த்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம், டாக்டர் வெளியூர் போக வேண்டியிருந்ததால் பிரிஜெட்டின் முறை வெள்ளிக்கிழமைக்கு மாறியது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." காப்பி குடித்திருந்தாளே, அது முழுப் பொய் இல்லை என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மேல் உதட்டில் வியர்வை துளிர்த்திருந்ததை டாக்டர் பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். படியேறிய வியர்வை என்று பிரிஜெட் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஊசிகள் ஏறின. "ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர் அவள் இடது கையில் ஒரு சின்னப் பித்தளை மணியைக் கொடுத்தாள். "ஏதாவதுன்னா அடிங்க. பின்னாடி ரூம்லதான் இருக்கேன்."

திரை மூடியது.

முதலில் கொட்டாவி வந்தது. உடனே இன்னொன்று. அப்புறம் வாயில் தண்ணீர் ஊறியது. புளிப்பாக, விழுங்க விழுங்க ஊறியது. பிரிஜெட்டுக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. எத்தனையோ பேர் இதே வரிசையில் கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கி, வெளுத்து, கீழே விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அடுத்தது காது அடைக்கும். அடைத்தது. திரைக்கு அப்பால் அசோகன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. முதுகெல்லாம் ஈரம்.

இனி கண் இருட்டும், என்று அவளுக்குள் வார்டுக்காரி ஒருத்தி நிதானமாகச் சொன்னாள். நோயாளியைப் படுக்க வை. காலைத் தூக்கி வை.

நோயாளி யார்?

திரையிலிருந்த சிவப்புப் பூக்கள் சாம்பல் நிறமாயின. தோளில் இருந்த ஊசிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கனத்தன. ஈரப் போர்வையைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டது போல உடம்பு முன்னால் இழுத்தது.

"யக்கா," அசோகன் போனை வைத்துவிட்டுக் கூப்பிட்டான். "என்ன யக்கா, சத்தமே காணோம்? சரியா இருக்கீங்களா?"

அவள் வாய் தானாகவே திறந்தது. "ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகு அவளுக்கே திகீரென்றது. இதை அவள் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. இப்படியே முன்னால் சரிந்தால் தோளிலிருக்கிற ஊசி வளையும், இல்லை உள்ளே ஏறும். தலை தரையில் அடிக்கும். ஜீவனஹள்ளியில் லாயிட்டை வலது பக்கமாகப் புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவனால் தானாகத் திரும்ப முடியாது. யாரும் வரமாட்டார்கள். அவனுக்குத் தாகமெடுக்கும். பிரிஜ்ஜி, பிரிஜ்ஜி என்று கூப்பிட்டுக்கொண்டே கிடப்பான். சாயங்காலம் சிந்தியாவுக்கு யாராவது போன் செய்வார்கள். அதோடு முடிந்தது.

மணியை அடிக்க வேண்டும். விரல்கள் கேட்கவில்லை. அவள் கையை ஆட்டவில்லை, வெறுமனே விரலை விரித்தாள். மணி கீழே விழுந்து தரையில் உருண்டு சத்தமிட்டது.

"மயக்கம்," என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "மயக்கம் வருது. ஆருன்னா வாங்க."

"டாக்டர்! யக்காவுக்கு முடியல, ஓடி வாங்க!" முதுகு நிறைய ஊசியோடு படுத்திருந்த அசோகன் கத்தியது கீழே தையல் கடை வரை கேட்டிருக்கும்.

கண் தெளிந்தபோது பிரிஜெட் படுத்திருந்தாள். கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை. ஊசி எதுவும் இல்லை. டாக்டர் ஒரு தம்ளரை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"சக்கரத் தண்ணி. குடிங்க."

பிரிஜெட் தலையைத் திருப்பிக்கொண்டாள். "இன்னிக்கு ஒருசந்தி."

"அப்படின்னா?"

"பட்டினி. வெள்ளிக்கிழமை. தவக்காலம்."

டாக்டர் தம்ளரை விலக்கவில்லை. அவள் குரல் தணிந்திருந்தது. அதுதான் பிரிஜெட்டுக்கு இன்னும் உறைத்தது. "வெறும் வயித்துல ஊசி ஏத்தக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். நர்சிங் தெரிஞ்சவங்க, நீங்களே இப்படிச் செஞ்சா? குடிங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"உங்களுக்கு ஆண்டவர் ஏது?"

"அதான், எனக்கு முன்விரோதம் கிடையாது. குடிங்கம்மா."

திரைக்கு அப்பால் அசோகன் சிரித்தான். பிரிஜெட் குடித்தாள். இனிப்பு தொண்டையில் இறங்குவது தெரிந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் டாக்டர். "இத்தனை வாரமா உண்மையிலேயே ஒண்ணும் தெரியலையா?"

பிரிஜெட் கூரையைப் பார்த்தாள். "தெரிஞ்சுது. எரிஞ்சுது."

"ஊசிக்குக் கண்ணு கிடையாதும்மா. நான் நீங்க சொல்றத வெச்சுத்தான் போறேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க, இன்னும் ஆழமாப் போனேன். எரியற இடத்துலயே போய்ப் போய் நின்னிருக்கேன். தோள் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். எப்படி விடும்?"

நோயாளிகளிடம் பிரிஜெட் எப்போதும் திட்டுவது இதற்காகத்தான். எங்கே வலிக்கிறது என்று சொன்னால்தானே பார்க்க முடியும் என்று எத்தனை வாயடைத்த கிழவர்களை அதட்டியிருக்கிறாள்.

டாக்டர் ஊருக்குப் போவதற்கு முன்னால், மறுநாளே கடைசி முறையாக அவளை வரச்சொன்னாள். பிரிஜெட் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனாள். போனதும் கட்டிலில் படுத்தாள். பயமாக இருந்தது. "எனக்கு ஊசின்னா பயம்" என்று அதையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான்" என்றாள்.

முதல் ஊசி.

"எறும்பு. அவ்வளவுதான். இப்ப... உள்ள பிரஷர் பாக்குற பட்டைய இறுக்குற மாதிரி இருக்கு. இறுக்கி இறுக்கி, இப்ப விடுது. வெதுவெதுன்னு முழங்கைக்கு இறங்குது."

"நல்லது. இது?"

"இது எரியுது. எடுங்க."

உடனே ஊசி வெளியே வந்தது, ஒரு விரல் தள்ளி மறுபடி போனது. அங்கே எரியவில்லை. கனத்தது. கனம் பரவி, தோள்பட்டை முழுக்க வெந்நீர் ஒத்தடம் வைத்தது போல ஆகி, அப்படியே மரத்துக்கொண்டு போனது. தோள் ஊசிகளை எடுத்துவிட்டு, கெண்டைக்கால் ஊசியை மட்டும் டாக்டர் திருகியபடி, "இப்ப கையத் தூக்குங்க" என்றாள். பிரிஜெட் தூக்கினாள். கை காதைத் தாண்டி, தலைக்கு மேல் சுவரைத் தொட்டது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷப்படுங்க, ஆனா ஒண்ணு," டாக்டர் சொன்னாள். "கை மேல ஏறுறது வேற, ஆளைத் தூக்குறது வேற. இன்னும் சில மாசத்துக்குத் தனியா யாரையும் தூக்காதீங்க. தூக்கினா பழையபடி ஆகும்."

அன்று லாயிட் கேட்டபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை இறுகியது, ஒத்தடம் பரவியது, காலில் குத்தியதும் தோள் இளகியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ருசி பார்ப்பவன் மாதிரி கேட்டான். "அந்தக் கனம் இருக்கு பாரு, அதை இன்னொருவாட்டி சொல்லு" என்றான். டாக்டர் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை.

குருத்து ஞாயிறு வந்தது. பூசை முடிந்து சிந்தியா குருத்தோலைச் சிலுவைகளோடு வந்தாள். ஹரிஷ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். இந்த வீட்டில் அவனுடைய இடம் அதுதான் என்று ஆகிவிட்டிருந்தது.

"தூக்குங்க அத்தை. பாக்கறேன்."

பிரிஜெட் நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்து வைத்தாள், பிரேக் போட்டாள். லாயிட்டை விளிம்புக்கு இழுத்து உட்கார வைத்தாள். அவன் முழங்கால்களுக்கு நடுவில் காலை ஊன்றி, அவன் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "ரெடியா அண்ணா?" அவன் முகம் வெளிறியிருந்தது. அவள் முதுகை நிமிர்த்தி எழுந்தாள்.

தூக்கிவிட்டாள். அவன் பின்புறம் கட்டிலை விட்டு எழுந்தது. இன்னும் ஒரு திருப்பு, நாற்காலி. அந்தத் திருப்பில் தோளுக்குள் மின்னல் அடித்தது. சுருக்கென்று, எரிந்தபடி, விரல் நுனிவரை. நல்லதில்லாத வலி. டாக்டர் சொன்ன வலி. பிடி தளர்ந்தது.

"அத்தை?"

ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தால் ஒருவேளை முடியும். இன்றைக்கு முடியும். நாளைக்கு?

"வலிக்குது," என்றாள் பிரிஜெட். "கை விடுது. மாப்பிள்ளை, பிடிங்க. சீக்கிரம்!"

ஹெல்மெட் தரையில் உருண்டது. ஹரிஷ் ஓடிவந்து லாயிட்டின் இடுப்பைப் பிடித்தான். இருவருமாக அவனை மறுபடி கட்டிலில் இறக்கினார்கள். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

"அவ்வளவுதான்," என்றாள் சிந்தியா மெதுவாக. "நாளைக்கு ஹோமுக்கு போன் பண்றேன்."

"இருடி." பிரிஜெட் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னால தனியா தூக்க முடியாது. பொங்கலுக்கு முன்னாடியிருந்தே முடியல. டாக்டரும் தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. தனியா முடியாதுன்னுதான் சொல்றேன். ரெண்டு பேரு இருந்தா முடியும்."

சிந்தியாவுக்குக் கோபம் பொங்கியது. "இத எத்தனை வாட்டி கேட்டேன்? வலிக்குதா அத்தை, ஆளு வேணுமா அத்தைன்னு கேட்டேனா இல்லையா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! இவர கிட்டக்கூட விடல நீங்க! தள்ளிக்கோங்க தள்ளிக்கோங்கன்னா அவரு என்ன செய்வாரு? எனக்கு ஹோமத் தவிர என்ன வழி இருந்துச்சு?"

பிரிஜெட் தலையாட்டினாள். அதில் மறுக்க எதுவும் இல்லை.

ஹரிஷ் தொண்டையைச் செருமினான். "எங்க லிங்கராஜபுரம் வீட்டுல இருந்து வேலைக்குப் போற வழிதான் இது. காலைல மாமாவ சேர்ல உக்கார வெச்சுட்டுப் போறேன். மதியம் சாப்பாட்டு நேரத்துல வந்துட்டுப் போறேன். எனக்கு யாராவது சொல்லிக் குடுத்தா செய்வேன்."

"இவன் தூக்கினா என்னைக் கீழ போட்டுருவான்," என்றான் லாயிட். பொங்கலுக்கு அப்புறம் அவன் குரலில் இப்போதுதான் பழைய குறும்பு வந்தது.

"போட்டா ஹோமு," என்றாள் சிந்தியா. ஆனால் போனை எடுக்கவில்லை. நாற்காலியின் பிரேக்கை அவளே மறுபடி பார்த்துக்கொண்டாள்.

பிரிஜெட் எழுந்து நின்றாள். "கால நடுவுல ஊணுங்க மாப்பிள்ளை. குனியாதீங்க, முட்டிய மடக்குங்க. கைய அக்குள்ள குடுக்காதீங்க, கீழ இறக்குங்க. ம், இப்ப." லாயிட் எழும்பினான். "அண்ணா, வலிக்குதா? உண்மையச் சொல்லு."

அவன் கொஞ்சம் தயங்கினான். "வலிக்குது. விலாகிட்ட. நீ ஒத்தக் கையில இழுக்க ஆரம்பிச்சதுல இருந்து வலிக்குது."

"ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

பிரிஜெட் ஹரிஷின் கையைப் பிடித்து விலாவிலிருந்து இரண்டு விரல் கீழே நகர்த்தினாள். "இப்ப?"

லாயிட் கண்ணை மூடிக் கவனித்துப் பார்த்தான். "இப்ப கனமா இருக்கு. எரியல."

"அப்ப சரி. திருப்புங்க மாப்பிள்ளை," என்றாள் பிரிஜெட்.